கராச்சி இரவு: மதுரையில் பிறந்த கமாண்டர் கோபால் ராவைத் தெரியுமா?

டிசம்பர் 4. காலண்டர்ல அந்தக் கட்டத்துக்குள்ள சின்ன எழுத்துல 'கடற்படை தினம்'னு போட்டிருக்கும். அன்னைக்கு இன்ஸ்டாகிராமைத் திறந்தா கப்பல், ஏவுகணை, தீப்பிழம்பு, பின்னாடி அதிரடி பிஜிஎம்னு ரீல்ஸ் வரிசை கட்டும். நாமளும் ஒரு ஹார்ட்டைத் தட்டிட்டு அடுத்த ரீலுக்குப் போயிடுவோம். ஆனா, ஏன் குறிப்பா டிசம்பர் 4? வேற தேதியே கிடைக்கலையா?

காரணம், 1971-ல் அந்த ஒரு ராத்திரியில் கராச்சிக்கு வெளியே அரபிக்கடலில் நடந்த சண்டை. அந்தத் தாக்குதலுக்கு 'ஆபரேஷன் ட்ரைடன்ட்'னு பேர். ட்ரைடன்ட்னா திரிசூலம். அன்னைக்குப் போன இந்தியக் கப்பல்களில் ஒண்ணோட கேப்டன், மதுரையில் பிறந்தவர். பேர் காசர்கோடு பட்ணசெட்டி கோபால் ராவ். அந்த இரவுக்காக அவருக்குக் கிடைச்சது மகா வீர் சக்ரா. போர்க்கால வீரத்துக்கு நாடு கொடுக்கிற விருதுகளில் பரம் வீர் சக்ராவுக்கு அடுத்தது இதுதான். கடற்படையில் இதுவரை யாருக்கும் பரம் வீர் சக்ரா கிடைச்சதில்லை. அதனால, ஒரு கடற்படை வீரர் தொட்ட மிகப்பெரிய உயரம்னா அது மகா வீர் சக்ராதான்.

ஆனா, நம்ம ஊர்ல அவர் பேரைக் கேள்விப்பட்டவங்க எத்தனை பேர்? ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானாவுல நின்னு பத்து பேரைக் கேட்டாலும் சரி, மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டுல நின்னு நூறு பேரைக் கேட்டாலும் சரி, பதில் வர்றது கஷ்டம்தான். கடலே தெரியாத மலை மேல இருந்து படிக்கிறவங்களுக்கும் புரியுற மாதிரி, அந்த ராத்திரியை ஆரம்பத்துல இருந்து பார்ப்போம்.

1965-ல் மனசுல தைச்ச முள்

1971-ஐப் புரிஞ்சுக்க ஆறு வருஷம் பின்னாடி போகணும். 1965 போரில் இந்தியக் கடற்படைக்குப் பெரிசா வேலையே கொடுக்கப்படல. போர்பந்தருக்கு வடக்கே போய்த் தாக்க வேண்டாம்னு மேலிடத்து உத்தரவு. தரைப்படையும் விமானப்படையும் சண்டை போட்டுக்கிட்டிருக்க, கடற்படை கட்டுப்பாட்டோட காத்திருந்துச்சு.

அந்தச் சமயத்துல, 1965 செப்டம்பர் 7-ம் தேதி ராத்திரி பாகிஸ்தான் போர்க்கப்பல்கள் குஜராத்தின் துவாரகா கரைக்கு வந்து குண்டு போட்டுட்டுத் திரும்பிப் போயின. சேதம் ரொம்பக் குறைவுதான். ஆனா அவமானம் குறைவா இல்லை. 'நம்ம வாசல்ல வந்து அடிச்சுட்டுப் போயிட்டாங்க, நாம என்ன செஞ்சோம்?'ங்கிற கேள்வி கடற்படைக்குள்ள வருஷக்கணக்கா உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அன்னைக்கு துவாரகாவுக்கு வந்த கப்பல்களில் கைபர், ஷாஜகான்னு ரெண்டு பேரை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. மறுபடியும் வரும்.

1971-ல் கடற்படைத் தலைவரா இருந்தவர் அட்மிரல் எஸ்.எம்.நந்தா. சுவாரஸ்யமான விஷயம் என்னன்னா, அவர் சின்ன வயசுல வளர்ந்ததே கராச்சி துறைமுகத்தை ஒட்டின மனோரா தீவுல. அவருக்கு அந்தத் துறைமுகம் வரைபடத்துல பார்த்த இடம் இல்லை, ஓடி விளையாடின இடம். பாகிஸ்தானுக்குக் கராச்சி எவ்வளவு முக்கியம்னும் அவருக்குத் தெரியும். அன்றைய மேற்கு பாகிஸ்தானோட கடல் வணிகம், எண்ணெய் இறக்குமதி, கடற்படைத் தலைமையகம் எல்லாமே அந்த ஒரே ஊர்ல. அதை அடிச்சா, மொத்தக் கடல் போரையும் அடிச்ச மாதிரி.

குளவிகள் வந்த கதை

திட்டம் இருந்தா போதுமா, ஆயுதம் வேணுமே! சோவியத் யூனியன்ல இருந்து இந்தியா எட்டு ஏவுகணைப் படகுகளை வாங்கியிருந்துச்சு. 'ஓஸா' வகை. ரஷ்ய மொழியில் ஓஸான்னா குளவி. பேருக்கு ஏத்த மாதிரியே சின்ன உடம்பு, கொடுக்குல விஷம். நீளம் 39 மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. எடை சுமார் 200 டன். ஒவ்வொரு படகுலயும் நாலு 'ஸ்டிக்ஸ்' ஏவுகணைகள்.

ஸ்டிக்ஸ் என்ன செய்யும்னு உலகத்துக்கு 1967-லயே தெரிஞ்சு போச்சு. அந்த வருஷம் அக்டோபர் 21-ம் தேதி எகிப்தோட சின்னப் படகுகள் இதே வகை ஏவுகணையால இஸ்ரேலின் எய்லாட் என்ற டெஸ்ட்ராயர் கப்பலை மூழ்கடிச்சிருந்தன. பெரிய பீரங்கியோட வர்ற பெரிய கப்பல்தான் கடலுக்கு ராஜாங்கிற கணக்கு அன்னைக்கே ஆட்டம் கண்டிருச்சு.

ஸ்டிக்ஸ் சுமார் 40 கி.மீ. தூரம் பறக்கும். அதை எப்படிக் கற்பனை பண்றது? சேலத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி ஒண்டிக்கடை வந்து சேர ஏறத்தாழ 30 கி.மீ. பஸ்ல வந்தா ஒரு மணி நேரம் ஆகும். ஸ்டிக்ஸ் அதைவிட அதிக தூரத்தை இரண்டு, இரண்டரை நிமிஷத்துல கடந்துடும். மூக்குல இருக்கிற ரேடார் தானாவே இலக்கைத் தேடிப் பிடிக்கும். தலையில கிட்டத்தட்ட அரை டன் வெடிமருந்து.

ஆனா இந்தக் குளவிக்கு ஒரு பலவீனம் உண்டு. ஓஸா படகுகள் அடிப்படையில் சொந்தத் துறைமுகத்தைக் காக்க வடிவமைக்கப்பட்டவை. வாசல்ல நிக்கிற காவல்காரன் மாதிரி. வேகமா ஓடினா எரிபொருள் சீக்கிரம் தீர்ந்துடும். விமானம் வந்து தாக்கினா தாக்குப் பிடிக்கிறது கஷ்டம். கடலுக்கு அடியில் நீர்மூழ்கி வந்தா கண்டுபிடிக்கவே வழி கிடையாது. இப்படிப்பட்ட படகுகளைப் பல நூறு கிலோமீட்டர் தள்ளி எதிரியோட வாசலுக்கே கொண்டுபோகணும்னா, கூட ஒரு பெரிய துணை வேணும்.

அந்தத் துணைதான் கோபால் ராவ் கேப்டனா இருந்த ஐ.என்.எஸ். கில்டான்.

கில்டானும் அதன் கேப்டனும்

கில்டான்கிறது லட்சத்தீவுல இருக்கிற ஒரு குட்டித் தீவோட பேரு. அதே பேர் வெச்ச கப்பல், நீர்மூழ்கிகளைத் தேடிப்பிடிச்சு அழிக்கிறதுக்காகவே உருவான வகை. ஓஸா படகைவிடப் பல மடங்கு பெரிசு, சுமார் 1,000 டன். கூடவே அதே வகையில் இன்னொரு கப்பல், ஐ.என்.எஸ். கச்சால். அதுக்கு நிக்கோபார் தீவு ஒண்ணோட பேர்.

கோபால் ராவ் 1926 நவம்பர் 13-ம் தேதி மதுரையில் பிறந்தவர். 1971 போர் வந்தப்போ வயசு 45. கமாண்டர்ங்கிறது தரைப்படையில் லெப்டினன்ட் கர்னலுக்குச் சமமான பதவி. அட்மிரல்கள் மாதிரி தலைமையகத்துல உட்கார்ந்து வரைபடத்துல ஊசி குத்துற இடமும் இல்லை, இளம் அதிகாரிகள் மாதிரி சொன்னதைச் செஞ்சா போதும்கிற இடமும் இல்லை. கப்பல்லயே இருக்கணும், முடிவும் எடுக்கணும், அந்த முடிவோட விளைவு முதல்ல தன் தலையில விழும்.

அன்னைக்குப் போன குழுவுல இருந்தவை: நிபாட், நிர்காட், வீர் என்ற மூணு ஏவுகணைப் படகுகள், கில்டான், கச்சால், அப்புறம் எரிபொருள் கொடுக்க போஷக் என்ற டேங்கர் கப்பல். ஏவுகணைப் படகுப் பிரிவோட தலைவர் கமாண்டர் பப்ரு பான் யாதவ், நிபாட்ல இருந்தார். அவருக்கும் அந்த இரவுக்காக மகா வீர் சக்ரா கிடைச்சது. ஒரே ராத்திரி, ஒரே தாக்குதல், இரண்டு மகா வீர் சக்ரா. மூணு படகுகளோட கேப்டன்களுக்கும் வீர் சக்ரா.

மதுரை டு சென்னை தூரம்... பட்டப்பகலில் காத்திருப்பு

1971 டிசம்பர் 3-ம் தேதி மாலை பாகிஸ்தான் விமானப்படை இந்திய விமான தளங்கள் மேல குண்டு போட, போர் அதிகாரபூர்வமா ஆரம்பிச்சது. மறுநாள் டிசம்பர் 4. நம்ம குழு கராச்சிக்குத் தெற்கே சுமார் 250 கடல் மைல் தூரத்துல இருந்துச்சு. அதாவது ஏறத்தாழ 460 கி.மீ. மதுரையில் இருந்து சென்னைக்கு ரோட்டுல வர்ற தூரம்னு வெச்சுக்கலாம்.

பகல் முழுக்க அங்கேயே காத்திருந்தாங்க. ஏன்? பாகிஸ்தான் விமானங்களோட கண்காணிப்புக்கு அந்த இடம் எட்டாது. அதோட, அந்த விமானங்களுக்கு ராத்திரியில் கப்பலைத் தேடித் தாக்குற வசதி அப்போ இல்லை. அதனால கணக்கு ரொம்ப எளிமை: இருட்டினதும் உள்ளே ஓடணும், அடிக்கணும், விடியறதுக்குள்ள விமானத்துக்கு எட்டாத தூரத்துக்கு வந்துடணும். சூரியன்தான் டெட்லைன்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. உள்ளே எவ்வளவு தூரம் போறோமோ, வெளியே அதே தூரம் வரணும். எரிபொருள் தீர்ந்தாலோ, ஒரு படகோட இன்ஜின் மக்கர் பண்ணினாலோ, விடியும்போது அது எதிரி கடல்ல தனியா நிக்கும். தன் கப்பலை மட்டும் பத்திரமா கூட்டிட்டு வந்தா போதும்னு அங்கே யாரும் நினைக்க முடியாது.

ரேடார் எப்படி 'பார்க்குது'?

இங்கே கொஞ்சம் அறிவியல். ஏற்காட்டுல லேடீஸ் சீட்ல நின்னு ராத்திரி கீழே பார்த்திருக்கீங்களா? சேலம் மொத்தமும் வெளிச்சப் புள்ளிகளா தெரியும். அதே நீங்க சேலத்துல ஒரு தெருவுல நின்னா அடுத்த தெரு கூடத் தெரியாது. உயரம் கூடினா பார்வை தூரம் கூடும். பூமி உருண்டைங்கிறதால கடல்லயும் இதே கதைதான். தாழ்வான சின்னப் படகோட ரேடாருக்குத் தொடுவானம் சீக்கிரம் வந்துடும். உயரமான கம்பம் வெச்ச பெரிய கப்பலுக்குக் கொஞ்சம் தள்ளி வரும்.

ஆனா அரபிக்கடல்ல குளிர்கால ராத்திரிகளுக்கு ஒரு மாயம் உண்டு. கடல் மேல ஈரக் காற்றும் அதுக்கு மேல வறண்ட காற்றும் அடுக்கு அடுக்கா நின்னா, ரேடார் அலை அந்த அடுக்குக்குள்ள மாட்டிக்கிட்டு வளைஞ்சு வளைஞ்சு தொடுவானத்துக்கு அப்பாலும் போகும். சாதாரண நாள்ல தெரியாத கப்பல் அன்னைக்குத் தெரியும். அந்த இரவுல சுமார் 70 கடல் மைல், அதாவது 130 கி.மீ. தள்ளி வடமேற்குலயும் வடகிழக்குலயும் இலக்குகள் திரையில் தெரிஞ்சுது. கிட்டத்தட்ட சேலத்துல இருந்து திருச்சி வரைக்கும் பார்த்த மாதிரி.

ஆனா ரேடார் காட்டுறது ஒரு புள்ளியை மட்டும்தான். அது போர்க்கப்பலா, சரக்குக் கப்பலா, யார் கொடி பறக்குதுன்னு அது சொல்லாது. அந்தப் புள்ளி மேல ஏவுகணையை விடலாமா வேண்டாமாங்கிற முடிவை மனுஷன்தான் எடுக்கணும்.

இன்னொரு தந்திரமும் சொல்லணும். படகு வீரர்கள் சோவியத் யூனியனுக்குப் போய்ப் பயிற்சி எடுத்தவங்க. அங்கேயே ரஷ்ய மொழி கத்துக்கிட்டாங்க. அதனால ரேடியோவில் ரஷ்ய மொழியில் பேசிக்கிட்டாங்க. ஒட்டுக்கேட்டா யார் பேசுறாங்கன்னே குழம்பிப் போகும்.

பத்தே முக்கால் மணி

பாகிஸ்தான் நேரப்படி இரவு பத்தே முக்கால் வாக்கில் நிர்காட் முதல் ஏவுகணையை விட்டுச்சு. இலக்கு, பாகிஸ்தானின் டெஸ்ட்ராயர் கைபர். ஆமா, துவாரகாவுக்கு வந்த அதே கைபர்.

வானத்துல வேகமா வர்ற வெளிச்சத்தைப் பார்த்த கைபர் வீரர்கள் அதை விமானம்னு நினைச்சாங்க. விமான எதிர்ப்பு பீரங்கிகளால சுட்டாங்க. கப்பலுக்கு எதிரா ஏவுகணைங்கிறதே புதுசா இருந்த காலம் அது. முதல் ஏவுகணை தாக்கி பாய்லர் அறை சேதமாச்சு, கப்பல் நின்னு போச்சு. 'எதிரி விமானம் தாக்கிருச்சு'ன்னு அவங்க தலைமையகத்துக்கு அவசரச் செய்தி அனுப்பினாங்க. அந்தப் பதற்றத்துல தாங்க இருக்கிற இடத்தையும் தப்பா குறிப்பிட்டுட்டாங்க. அடுத்த ஏவுகணையில் கைபர் மூழ்கிப் போச்சு. 222 பேர் இறந்தாங்க. இடம் தப்பா போனதால மீட்புப் படை வந்து சேரவும் தாமதம்.

நிபாட் வேற திசையில் இரண்டு இலக்குகளைத் தாக்குச்சு. ஒண்ணு வீனஸ் சேலஞ்சர்ங்கிற சரக்குக் கப்பல். அது போர்த்தளவாடம் ஏத்திட்டு வந்ததா இந்தியத் தரப்பு சொல்லுது. இன்னொண்ணு, அதுக்குக் காவலா வந்த டெஸ்ட்ராயர் ஷாஜகான். சரக்குக் கப்பல் மூழ்கியது, ஷாஜகான் பலத்த சேதமடைஞ்சதுன்னு இந்தியக் கணக்கு.

வீர் படகோட ஏவுகணை முஹாஃபிஸ் என்ற கண்ணிவெடி அகற்றும் கப்பலைத் தாக்குச்சு. உதவின்னு ஒரு செய்தி அனுப்பக்கூட நேரமில்லாம அது மூழ்கிடுச்சு. 33 பேர் இறந்தாங்க. கைபர்ல பிழைச்சவங்களைத் தேடி வந்த ரோந்துப் படகு, கடல்ல எரிஞ்சுக்கிட்டு மிதந்த துண்டுகளைப் பார்த்து அங்கே போய், உயிரோட இருந்த சிலரைத் தூக்கினப்போதான் முஹாஃபிஸ்னு இன்னொரு கப்பலும் போயிடுச்சுன்னே அவங்க கடற்படைக்குத் தெரிஞ்சுது.

அதுக்கப்புறம் நிபாட் கராச்சி துறைமுகத்தை ஒட்டின கீமாரி எண்ணெய்க் கிடங்குகளைக் குறிவெச்சு ஏவுகணை விட்டுச்சு. இரண்டில் ஒண்ணு வேலை செய்யல. இன்னொண்ணு கிடங்குல பட்டு தீ பிடிச்சுது.

அப்போ கோபால் ராவ் என்னதான் செஞ்சார்?

நியாயமான கேள்வி. ஏவுகணை விட்டது சின்னப் படகுகள். கில்டான்ல ஸ்டிக்ஸ் கிடையாது. பின்ன எதுக்கு மகா வீர் சக்ரா?

கிரிக்கெட்ல பந்தை பவுண்டரிக்கு அடிச்சவர் பேர் ஸ்கோர்கார்டுல வரும். எதிர்முனையில் நின்னு, ரன் ஓடி, ஸ்ட்ரைக் கொடுத்தவர் வேலை அதுல முழுசா தெரியாது. கில்டானோட வேலை அப்படிப்பட்டது. கடலுக்கு அடியில் இருந்து நீர்மூழ்கி வந்தா எதிர்கொள்ளணும். சின்னப் படகுகளுக்கு வழித்துணையா, கண்ணா, காதா இருக்கணும். ஏதாவது ஆனா திரும்பிக் கூட்டிட்டு வரணும். இது எல்லாத்தையும் எதிரியோட முக்கியத் துறைமுகத்துக்கு முன்னாடி, அவங்க கடல்ல நின்னு செய்யணும்.

அவருக்கான விருதுக் குறிப்பு இதைத்தான் சொல்லுது. மேற்குக் கடற்படைப் பிரிவின் ஒரு சிறு குழுவுக்குத் தளபதியா, வானத்துல இருந்தும் கடல் மேல இருந்தும் கடலடியில் இருந்தும் தாக்குதல் வரலாம்கிற நிலையில், எதிரி கடலுக்குள்ள ஆழமா தன் குழுவை நடத்திட்டுப் போனார். எதிரிக் கப்பல்களோட பீரங்கிச் சூட்டுக்கு நடுவுல முன்னேறினார். அப்புறம் கராச்சி துறைமுகத் தாக்குதல் வரை போனார் என்பது அதோட சாரம்.

ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லிடணும். அந்தக் குறிப்புல இரண்டு டெஸ்ட்ராயர்கள் மூழ்கினதா இருக்கும். பின்னாடி வந்த விவரங்கள்படி மூழ்கின டெஸ்ட்ராயர் கைபர் மட்டும்தான். போர் முடிஞ்ச சூட்டோட எழுதுற குறிப்புகள்ல இப்படி வித்தியாசம் வர்றது எல்லா நாட்டுலயும் சகஜம். ராத்திரியில், பல மைல் தூரத்துல, ரேடார் திரையில் ஒரு புள்ளி மறைஞ்சா 'மூழ்கிடுச்சு'ன்னுதான் தோணும். இதனால அவர் வீரத்துல ஒரு துளி குறையாது. ஆனா ரீல்ஸ்ல வர்ற எண்ணிக்கைகளை அப்படியே ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிக்க இது நல்ல காரணம்.

ஆபத்து எவ்வளவு நிஜம்? குக்ரியைக் கேளுங்க

'ஒரு இந்தியக் கப்பலுக்கும் சேதம் இல்லை, ஒரு வீரரும் சாகல' - ஆபரேஷன் ட்ரைடன்ட் பத்திப் படிக்கிறப்போ கடைசியா வர்ற வரி இது. உண்மைதான். ஆனா இதைப் படிக்கிறப்போ, ஏதோ ஈஸியா முடிஞ்ச வேலை மாதிரி தோணிடும்.

அஞ்சு நாள் கழிச்சு, டிசம்பர் 9-ம் தேதி ராத்திரி, டையூவுக்கு அப்பால் ஐ.என்.எஸ். குக்ரி கப்பலை பாகிஸ்தானின் ஹேங்கோர் நீர்மூழ்கி டார்பிடோவால் தாக்குச்சு. குக்ரியும் நீர்மூழ்கிகளைத் தேடிப் பிடிக்கிற வகைக் கப்பல்தான். தேடிப் போன கப்பலையே நீர்மூழ்கி முந்திக்கிட்டுச்சு. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும், மொத்தம் 194 பேர், கப்பலோட போனாங்க. கேப்டன் மகேந்திர நாத் முல்லா தப்பிக்க வாய்ப்பு இருந்தும் கப்பலைவிட்டு இறங்கல. மறைவுக்குப் பின் அவருக்கும் மகா வீர் சக்ரா வழங்கப்பட்டுச்சு.

கில்டான் போனதும் அதே அரபிக்கடல்தான். டிசம்பர் 4-ம் தேதி ராத்திரி கில்டானுக்கு நடந்திருக்கக்கூடியது என்னன்னு குக்ரிக்கு நடந்ததைப் பார்த்தா புரியும். ஒரு கேப்டனோட கணக்கு சரியா இருந்தா, ஊர்ல இருக்கிற குடும்பங்களுக்கு அப்படி ஒரு தந்தி போகவேண்டிய அவசியமே வராது. நடக்காம போன அந்தத் துயரம் எந்த வரலாற்றுப் புத்தகத்துலயும் பதிவாகாது.

அதுக்கப்புறம் என்ன ஆச்சு?

கராச்சியில் குழப்பம் உச்சத்துக்குப் போச்சு. பாகிஸ்தான் விமானப்படை பதிலடியா குஜராத்தின் ஓகா துறைமுகத்தைத் தாக்கி, ஏவுகணைப் படகுகளுக்கான எரிபொருள் கிடங்கைச் சேதப்படுத்துச்சு. டிசம்பர் 6-ம் தேதி அவங்க விமானம் ஒண்ணு, தங்களோட சொந்தக் கப்பலான ஜுல்ஃபிகரையே இந்திய ஏவுகணைப் படகுன்னு நினைச்சு சுட்டுருச்சு. பயம் எந்த அளவுக்கு இருந்ததுன்னு இதைவிட என்ன சொல்லணும்?

டிசம்பர் 8 ராத்திரி இரண்டாவது தாக்குதல், 'ஆபரேஷன் பைத்தான்'. இந்தத் தடவை வினாஷ்ங்கிற ஒரே ஏவுகணைப் படகு, துணைக்கு தல்வார், திரிசூல் கப்பல்கள். கீமாரி எண்ணெய்க் கிடங்குகள் மறுபடியும் எரிஞ்சுது. துறைமுகத்துக்கு வெளியே நின்ன, சண்டையில் சம்பந்தமே இல்லாத வெளிநாட்டு சரக்குக் கப்பல்களும் இதுல சிக்கின. மேல சொன்ன 'ரேடார் புள்ளி' பிரச்னை ஞாபகம் இருக்கா? அதேதான்.

டிசம்பர் 16-ம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைய, போர் முடிவுக்கு வந்துச்சு. வங்கதேசம் பிறந்தது. அடுத்த வருஷம் கடற்படை மூத்த அதிகாரிகள் கூடி, கடற்படை தினத்தை டிசம்பர் 4-ல் கொண்டாடுறதுன்னு முடிவு பண்ணினாங்க. காலண்டர்ல அந்தச் சின்ன எழுத்து வந்த கதை இதுதான்.

கோபால் ராவ் 2021 ஆகஸ்ட் 9-ம் தேதி சென்னையில் காலமானார். வயசு 94. கராச்சி இரவோட ஐம்பதாவது ஆண்டு நிறைவுக்கு நாலு மாசம்கூட இல்லாதப்போ போயிட்டார். அதே 2021 டிசம்பர்ல, அந்தப் படகுகளோட பாரம்பரியத்தைச் சுமக்கிற 22-வது ஏவுகணைக் கப்பல் பிரிவுக்கு ஜனாதிபதியின் கொடி வழங்கப்பட்டுச்சு. கடற்படைக்குள்ள அவங்களுக்கு 'கில்லர்ஸ்'னு செல்லப்பேர்.

இதை ஏன் இப்போ தெரிஞ்சுக்கணும்?

போரைப் பத்தி நமக்குக் கிடைக்கிறது பெரும்பாலும் ரெண்டே வகைதான். ஒண்ணு, பத்து விநாடி ரீல். இன்னொண்ணு, ஸ்கூல் புத்தகத்துல ரெண்டு வரி. ரெண்டுலயும் மனுஷங்க இருக்க மாட்டாங்க. கைபர்ல இறந்த 222 பேரும் குக்ரியில் இறந்த 194 பேரும் எங்கேயோ யாருக்கோ மகனா, அப்பாவா, புருஷனா இருந்தவங்கதான். அதை மறக்காமலே கோபால் ராவோட துணிச்சலை மதிக்கலாம். ரெண்டுக்கும் நடுவுல முரண்பாடு எதுவும் இல்லை.

டையூ பக்கம் ட்ரிப் போறவங்க, பீச்சோட நிறுத்திக்காம குக்ரி நினைவிடத்துக்கும் ஒரு எட்டு போயிட்டு வாங்க. கடலைப் பார்த்து நிக்கிற இடம், அரை மணி நேரம் போதும். தாத்தாவோ, பெரியப்பாவோ, பக்கத்து வீட்டு மாமாவோ ராணுவத்துலயோ கடற்படையிலயோ இருந்திருந்தா, 1971-ல் எங்கே இருந்தாங்கன்னு கேளுங்க. அன்னைக்கு இருபது வயசுல இருந்தவங்களுக்கு இப்போ எழுபது வயசு தாண்டிடுச்சு. போன்ல ரெக்கார்டரை ஆன் பண்ணி வெச்சுட்டுக் கேட்டீங்கன்னா இன்னும் நல்லது.

வர்ற டிசம்பர் 4-ம் தேதி ஸ்டேட்டஸ் போடுறவங்க, போர்க்கப்பல் படத்துக்குக் கீழ இந்த வரியையும் சேர்த்துப் போடலாம்: கமாண்டர் கே.பி.கோபால் ராவ், மகா வீர் சக்ரா, ஐ.என்.எஸ். கில்டான். பிறந்த ஊர், மதுரை.